கோட்டைப் பூங்காவுக்குப் போகும் நாள்

வாப்பா,

இன்று சாச்சா புது நெல் மூடைகளைக் கொண்டுவந்து வீட்டுக்குள் இறக்கினார். அறையெல்லாம் நம் சவளக்கடை வயலின் வாசம். வைக்கோலும் வெயிலும் கலந்த அந்த வாசத்துக்குள் உங்கள் குரல் கேட்டது: "வேளாண்மை வெட்டி முடியட்டும் மகள், போவம்."

திருகோணமலையில் கடலுக்கு மேலே நிற்கும் பழைய கோட்டைப் பூங்காவுக்குத்தான். அங்கே மான்கள் உலாவுகின்றன என்று நான் வாசித்துச் சொன்ன நாளிலிருந்து நமக்கு அதே கதை. மழை மாலைகளில் நான் கொப்பியில் எழுதி வாசிக்க, நீங்கள் கண்ணை மூடிக் கேட்பீர்கள். விடிய சுபஹு தொழுதுவிட்டு நிந்தவூரில் பஸ் ஏறுவது, ஆலமரத்தடியில் பகல் சோறு, பிறகு கோட்டைச் சுவரோரம் நின்று கடலைக் குனிந்து பார்ப்பது. கடல் நமக்குக் கீழே கிடந்தால் எப்படியிருக்கும்? அந்த இடம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொல்வீர்கள்.

ஒருமுறை பெருநாளுக்கு அடுத்த கிழமையில் நாள் குறித்தோம். அடுப்படியிலிருந்து உம்மா எட்டிப் பார்த்தார். "வாப்பாவும் மகளும் ஆறு நோன்பு பிடிக்கிற நாளாச்சே. சோத்தை மானுக்கா கட்டித் தாற?"

நீங்கள் குலுங்கிச் சிரித்தீர்கள். "அப்ப அங்கயே நோன்பு திறப்பம்."

அந்தப் பயணமும் தள்ளிப் போனது. கடைசியில், விதைப்பு முடிந்த கையோடு நீங்களே எங்களை விட்டுப் போய்விட்டீர்கள்.

உங்களுக்காக உம்மா நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்த இத்தா முடிந்து நான்கு நாள். இன்னும் வாசலைத் தாண்டி வளவுக்குக்கூட இறங்கவில்லை. இப்படியே உள்ளே இருந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அதனால்தான் இன்று கொப்பியை எடுத்துப்போய், "உம்மா, நாம போவமா?" என்று கேட்டேன்.

உம்மா அதை வாங்கி, விரல் வைத்து வரிவரியாக வாசித்தார்.

"பஸ்ஸில ரெண்டு சீட். நோன்பு திறக்க ரெண்டு பேருக்குப் பேரீச்சம்பழம். என்ட பேர் சோத்துக்கு நேர மட்டும்தான் இரிக்கி, புள்ள."

எத்தனை தடவை அந்தப் பக்கத்தைத் திருத்தினோம், வாப்பா! ஒரு தடவையும் அது நம் கண்ணில் படவில்லை.

"வாப்பா கேட்டிருந்தா வந்திருப்பீங்களா?"

"ஓம், கேட்டிருந்தா." கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் எனக்குச் சுட்டது.

புதுப் பக்கம் திருப்பி, அவர் பெயரை முதலில் எழுதினேன்.

"சோறு கடையில," என்றார் உம்மா. "யன்னல் பக்கம் எனக்கு. அந்த மான் முட்டுமா?"

"முட்டாது உம்மா, புத்தகத்தில இரிக்கி."

"புத்தகத்தில இரிக்கிற மான் முட்டாதுதான்."

சனிக்கிழமை போகிறோம். சற்று முன் உம்மா தன் கறுப்பு அபாயாவைக் கழுவி, தானே வளவில் இறங்கிக் காயப்போட்டார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போகாத ஊருக்குள் கொப்பியிலேயே நடந்து திரிய நீங்கள்தான் என்னைப் பழக்கினீர்கள். அதை விடமாட்டேன், வாப்பா. இனி உம்மாவிடமும் கேட்டுக் கேட்டு நடப்பேன்.