கூரையிலிருந்து ஒரு தீர்ப்பு

சிபு நகரம்,
புதன்கிழமை

அன்புள்ள மாயாங்,

நீயும் அத்தையும் சுகம்தானே? என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். ஆற்றங்கரையில் இருக்கும் பழைய கோர்ட்டின் கூரைக்குப் பலகை மாற்றுகிறோம். மின்விசிறி இல்லாத காலத்தில் கட்டியது. அதனால் சூடு மேலேறட்டும் என்று மர உட்கூரை முழுக்கப் பூவேலைத் துளைகள் விட்டிருக்கிறார்கள். சூடு ஏறும் வழியிலேயே பேச்சு இறங்கும் என்று நேற்றுதான் தெரிந்தது.

கீழே ஒரு டுரியான் மரத்துக்காக அண்ணனுக்கும் தம்பிக்கும் வழக்கு. நான் கூட வேலை செய்யும் உங்காட்டிடம், "பழத்தைப் பாதிப்பாதி தின்னுட்டுப் போக வேண்டியதுதானே, மடையனுங்க" என்றேன். கீழே எல்லாருடைய தலையும் மேலே நிமிர்ந்தது.

"மேல யாருய்யா?" நீதிபதியம்மா கேட்டார்.

"கூரை வேலைக்காரன்ம்மா." வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"கூரையை மட்டும் பாரு" என்றவர், அந்த இருவரிடமும் திரும்பி, "அவன் சொன்னதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார்.

முதலில் தம்பிக்காரன்தான் சிரித்தான். ராஜியாகிவிட்டார்கள். இன்று எங்களுக்கு ஒரு பழம் வந்தது. உங்காட்டும் நானும் பாதிப்பாதி தின்றோம்.

முழங்காலில் கட்டிக்கொள்ள என் பழைய கைலியை அனுப்பு. நீ போட்ட உப்புமீனும் கொஞ்சம். படகுக்காரன் அவசரப்படுத்துகிறான்.

சாயங்காலம் கோர்ட் காலியானதும், டவாலி கூப்பிடுவதுபோல அந்தத் துளை வழியே உன் பெயரை மூன்று முறை கூப்பிட்டேன். நீ ஆஜராகவில்லை. வழக்கை அறுவடைத் திருநாளுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். அன்று வீட்டுக்கே வந்து விசாரித்துக்கொள்கிறேன்.

உன்
ஜெலானி