உன் டிக்கெட்டில் நான்

கார்டன் ரீச்,
12 ஜனவரி 2026, திங்கட்கிழமை

அன்புள்ள மகேஸ்வரிக்கு,

நான் சௌக்கியம். விழுப்புரத்தில் நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். மாமாவின் இடுப்புத் தையல் காய்ந்துவிட்டதா? தினமும் போனில் பேசுகிற மனுஷன் கடிதம் எழுதுகிறானே என்று பதறாதே. போனில் நமக்குள் மாத்திரை, சிலிண்டர், பால்காரர் தவிர வேறு பேச்சு வருவதில்லை. இதைச் சொல்ல வாயெடுத்தால், அடுப்பில் பால் பொங்குது என்று நானே பாதியில் ஓடிவிடுவேன்.

உன்னுடைய 'பாங்கா சாத்தா' நிகழ்ச்சிக்கு நேற்று நான் போனேன். மாமா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார் என்றதும் உன் அப்பாவைப் பார்க்க நீ ஊருக்குக் கிளம்பியபோது, இரண்டு டிக்கெட்டையும் மேல் வீட்டு அண்ணி மீரா பௌதியிடம் கொடுக்கச் சொன்னாய். ஒன்றைத்தான் கொடுத்தேன். மற்றதில் நானே போய்விட்டேன். உடைந்த குடை என்று எவனாவது பாட்டுக் கோஷ்டிக்குப் பேர் வைப்பானா என்று கல்யாணமான நாளிலிருந்து கிண்டல் பண்ணியவனுக்கு இது என்ன புதுக் கிறுக்கு என்பாய். இரு, வருகிறேன்.

முதலில் பயணக் கூத்து. பௌதி என் குரங்குத் தொப்பியைப் பிடுங்கி வீட்டுக்குள் எறிந்து, அண்ணன் முறையில் தாதா என்று கூப்பிட்டு, இதைப் போட்டுக்கிட்டு வந்தா நான் உங்க கூட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கிதிர்பூர் பக்கம் ஒரு கப்பல் உள்ளே வர, பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். முக்கால் மணி நேரம் பஸ் அசையவில்லை. அந்தக் கப்பலை, அதன் கேப்டனை, அவன் வம்சத்தை எல்லாம் பௌதி வங்காளத்தில் திட்டித் தீர்த்தாள். பிறகு இறங்கி ஓடி, வேறு பஸ் பிடித்து, பவானிபூரில் மெட்ரோ ஏறி, டாலிகஞ்ச் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் பாட்டு பாதி முடிந்திருந்தது. எனக்கு மூச்சு வாங்கியதில் பாட்டு காதிலேயே விழவில்லை.

நான் அங்கே தலைவிரி கோலமாக ஆடுகிற கூட்டத்தைத்தான் எதிர்பார்த்தேன். பார்த்தால் எல்லாம் நம் வயசு. முட்டிக்குப் பட்டை போட்ட பெண்கள், பள்ளிக்கூட டீச்சர்கள், பெண்டாட்டியின் ஹேண்ட்பேக்கைத் தோளில் மாட்டிய புருஷர்கள். எங்கள் ஆபீஸ் சீதாராமன் சாரை உனக்குத் தெரியுமே, லீவு லெட்டரில் ஒரு கமா தப்பினாலும் திருப்பி அனுப்புகிறவர். அந்த மனுஷன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தார், மகேஸ்வரி! என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றார். என்ன சிவலிங்கம், இத்தனை நாள் சொல்லவே இல்லையே என்று என் கையையும் பிடித்துத் தூக்கிவிட்டார். தூக்கிய கையை எப்படி இறக்குவது? நானும் குதித்தேன். இன்று கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்போதுதான் 2003 ஞாபகம் வந்தது. இதே கோஷ்டியின் நிகழ்ச்சிக்கு நீ கிளம்பி, குழந்தைக்கும் சட்டை மாட்டி, வாசலில் நின்றாய். டூட்டி முடிந்து வந்த நான், குடும்பப் பொம்பள போற இடமா அது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். நீ புடவையை மாற்றிக்கொண்டு பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தாய். அந்த வருஷத்தோடு பிரிந்துபோன கோஷ்டி இப்போதுதான் மறுபடி சேர்ந்திருக்கிறது. இருபத்து மூன்று வருஷமாக நீயும் அதைச் சொல்லிக்காட்டவில்லை, நானும் அதைப் பெரிய விஷயம் என்று நினைக்கவில்லை. நேற்று அந்த ஜனங்கள் பாடிக்கொண்டே அழுவதைப் பார்த்தபோது என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. நான் செய்தது தப்பு, மகேஸ்வரி. அநியாயம்.

பிடித்த பாட்டைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பலாம் என்றார்கள். நான் சொல்லச் சொல்ல பௌதி வங்காளத்தில் எழுதினாள். 'ஓ பாடார் ஜான்லா' பாட்டு, கார்டன் ரீச் மகேஸ்வரிக்காக என்று. நீ காய் நறுக்கும்போது முணுமுணுப்பாயே, அந்தப் பாட்டின் பேரே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பௌதிதான் சொன்னாள், அடுத்த தெரு ஜன்னல் என்று அர்த்தமாம். பாடகர் உன் பேரை மைக்கில் படித்தார். மொஹேஷ்ஷோரி என்று அவர்கள் வாயில் அது ரொம்ப அழகாக இருந்தது. உடனே உனக்குப் போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. மாமாவைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருந்திருப்பாய். ரெகார்ட் பண்ணினேன், ஆனால் அதில் என் இருமலும் பௌதியின் கத்தலும்தான் கேட்கிறது.

நான் பார்த்தது நீ பார்த்ததாகிவிடுமா? ஆகாது. பிப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை, இதே மைதானத்தில் இன்னும் ஒரே ஒரு நிகழ்ச்சி வைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் பாடகர் மகள் வீட்டோடு வெளிநாடு போகிறாராம். பௌதிக்கும் உனக்கும் டிக்கெட் வாங்கியாகிவிட்டது. உன்னுடையதை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். நமக்கான ரயில்வே பாஸுக்கும் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் பிப்ரவரி பதினெட்டாம் தேதி விழுப்புரம் வருகிறேன். மறுநாள் நீ ஹவுராவுக்கு ரயில் ஏறு. நீ இங்கே இருக்கும் ஒரு வாரம் நான் அங்கே இருப்பேன்.

உடனே மாமாவை யார் பார்ப்பது என்பாய். நான்தான். காலையில் மாமாவுக்கே போன் பண்ணிக் கேட்டேன். மாப்ள கையால நான் கழுவிக்கிறதா, வேணவே வேணாம் என்று ஒரே பிடிவாதம். விஷயத்தைச் சொன்னேன், 2003ஐயும் மறைக்காமல். அப்புறம், உங்களுக்கு நல்லா சவரம் பண்ண வருமா மாப்ள என்று கேட்டார். வரும் என்றேன். சரி, அனுப்பி வைக்கிறேன் என்றார்.

சீட்டு ஒன்றில் மாமாவின் கஞ்சி, மாத்திரை நேரமெல்லாம் எழுதி வை. இங்கே பிரிட்ஜில் உனக்குப் பிடித்த ஈச்சம் வெல்ல இனிப்பு, நொலேன் குட் சந்தேஷ் வாங்கி வைத்துவிட்டு வருகிறேன்.

மாட்டேன் என்று சொல்ல உனக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. கோபம் இருந்தால் விழுப்புரம் பிளாட்பாரத்தில் வைத்துத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் வண்டியில் ஏறிவிடு. இந்தத் தடவை நீ போய்விட்டு வா, மகேஸ்வரி.

பொங்கல் வாழ்த்துகளுடன்,
உன்
சிவலிங்கம்