எல்லாம் ஒரே பெட்டியில்

ஒரகடம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள செல்லக்கனிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன். போனில் சொன்னால் தடுமாறுவேன் என்பதால் எழுதுகிறேன்.

மெயில், ஃபைல், வருகைப் பதிவு எல்லாம் ஒன்றாக வரும் சர்வர் மென்பொருள் எங்கள் சிறிய கம்பெனிக்குப் பொருந்துமா என்று முதலாளி மோகன் என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். சோதனைக்குப் போட்டிருந்தோம். செவ்வாயன்று மெயிலைச் சரிசெய்ய சர்வரை அணைத்தேன். ஷிப்ட் மாறும் நேரம் என்பதை மறந்துவிட்டேன். வருகைப் பதிவும் அதே சர்வரில்தான், விரல் வைத்து உள்ளே போக முடியாமல் கேட்டில் நாற்பது பேர் நின்றார்கள்.

"இன்னா சார், ஒரு பொட்டிய ஆஃப் பண்ணா கம்பெனியே நின்னுபூட்ச்சே!" என்று செக்யூரிட்டி பரசுராமன் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அதையே காரணமாக்கி, 'பொருந்தாது' என்று அறிக்கை எழுதினேன். அப்படியானால் வெளி நிறுவனம் ஒன்று வேலையை எடுத்துக்கொள்ளும், எனக்கு இங்கே வேலை இருக்காது, பொங்கலுக்கு நான் ஊருக்கே வந்துவிடலாம். மறுபடி படித்தபோது வெட்கமாக இருந்தது. தவறு என்னுடையது, மென்பொருளுடையது அல்ல. பொருந்தும், கவனிக்க ஓர் ஆள் கூடவே இருந்தால் போதும் என்று திருத்திக் கொடுத்தேன்.

"அப்போ அந்த ஆள் நீங்கதான் சார், ஒரு வருஷத்துக்கு" என்றார் மோகன்.

உன்னைக் கேட்காமலே சரி என்றுவிட்டேன். கோபமா?

ஊருக்கு வந்திருக்கும் என் அறைத்தோழர் மாரிமுத்துவிடம் என் கம்பளியைக் கொடுத்தனுப்பு. மெஸ் மூடிவிடுவார்கள், கிளம்புகிறேன். இன்னொன்று, நான் போன் செய்யும்போது மிக்சியை நிறுத்தாதே. வீட்டுச் சத்தம் கொஞ்சம் கேட்கட்டும்.

உன்
கொம்பையா