இடது சக்கரத்தின் பழைய பின்

குரும்பகரம்
தை 28

அன்பு மகன் தெட்சிணாமூர்த்திக்கு அம்மா அஞ்சுகம் ஆசீர்வதித்துச் சொல்லி எழுதுவது. இங்கே அப்பா, நான், தங்கை, புயலுக்குத் தப்பின பசு எல்லோரும் சுகம், பம்பாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் திடமாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். நீ வேலை பார்க்கும் கடையிலிருந்து பார்சலில் அனுப்பிய லாரிச் சாமான்கள் வந்து சேர்ந்தன, காஜா மைதீன் பட்டறையில் மாட்டியாகிவிட்டது என்று அப்பா சொல்கிறார், வண்டி புதுசு போல ஓடுகிறதாம். மாசி மகத்துக்கு நம் தெரு ஜனங்களை அதில்தான் பட்டினம் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். நீ வெறும் வயிற்றில் டீ குடிக்காதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி.

அண்ணா, இதுவரை அம்மா சொல்லி நான் எழுதியது. இனி எழுதுவது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாது. இருவரும் தூங்கிவிட்டார்கள், அடுப்படியில் சிம்னி விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். நீங்கள் அனுப்பியதில் பாதிதான் வண்டியில் இருக்கிறது. வலது முன்சக்கரத்துக்கு மட்டும் புதுக் கிங்பின்னும் அதன் உறையான புஷ்ஷும் போட்டிருக்கிறது, முன்சக்கரத்தை அச்சோடு பிடித்துத் திரும்ப வைப்பதே அந்த இரும்புப் பின்தானாம். இடது பக்கத்துக்கு உரியது சுற்றிய தாளைக்கூடப் பிரிக்காமல் மாட்டுக் கொட்டகையில் தவிட்டுப் பானைக்குப் பின்னால் கிடக்கிறது. நான் கையால் தொட்டுப் பார்த்தேன்.

சாமான் மாட்டிய அன்று பட்டறைக்கு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனது நான்தான். வலது பக்கம் சுலபமாக முடிந்துவிட்டது. இடது பக்கத்துப் பின் துருவேறி அச்சுக்குள் இறுகிக்கொண்டு, சம்மட்டியால் எவ்வளவு அடித்தும் அசையவில்லை. காஜா மைதீன் ஜாக்கியில் நின்ற அந்தச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் காட்டினார், விழப்போகிற பல் மாதிரி ஆடியது. அச்சையே இறக்கி நாகப்பட்டினத்துல பெரிய பட்டறைக்கு அனுப்பித்தான் பின்னை எடுக்கணும், அதுவரைக்கும் வண்டி நிக்கட்டும்ணே என்றார். அறுப்பு நேரத்துல வண்டியை நிறுத்தினா லோடெல்லாம் வேற ஆள்கிட்ட போயிடும், ஒண்ணு புதுசு போட்டாச்சுல்ல, அது இழுத்துக்கிட்டுப் போகும் என்றார் அப்பா. லாரி வாங்கும் முன் அத்தனை வருஷம் மாட்டுவண்டி ஓட்டியவர் இல்லையா, நோஞ்சான் மாட்டோடு நல்ல மாட்டைப் பூட்டினால் சமாளித்துவிடும் என்கிற நினைப்பு. காஜா மைதீன் சிரித்துவிட்டார். மாடு தள்ளாடினா நின்னுடும் சுப்ராயண்ணே, சக்கரம் உங்களுக்காக நிக்குமா, வேணும்னா அதுக்கும் ஒரு கட்டு வைக்கோல் போட்டுப் பாருங்க என்றார். சிரித்ததுதான் கெட்டது. அப்பா முகம் இறுகி, நீ இருக்கறதை மாட்டிக் குடுய்யா என்று சொல்லிவிட்டார்.

போன வாரம் கோட்டுச்சேரியில் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா வழியில் பார்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டார். பின்னால் நெல் மூட்டை. வாய்க்கால் திருப்பத்தில் ஸ்டியரிங் அவர் கையில் வெடவெடவென்று உதறியது, அப்பா வலதுபக்கம் ஒடிக்கிறார், வண்டி இடதுபக்கம் வாய்க்காலைப் பார்த்துப் போகிறது. ஒரு பூவரச மரத்தில் உரசி நின்றது. எனக்கு அழக்கூட வரவில்லை. அப்பா ஸ்டியரிங்கை விடாமலே, அம்மாகிட்ட சொல்லிடாதே பாப்பா என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன். உங்களிடம் சொல்லக்கூடாது என்று அவர் சொல்லவில்லை.

மகத்தன்று அந்த வண்டியில் யார் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அம்மா வருகிறாள், எதிர்வீட்டு ராசாத்தி அக்கா கைக்குழந்தையோடு வருகிறாள், தெருப் பிள்ளைகள் பின்னால் நிற்க இப்போதே இடத்துக்குச் சண்டை போடுகிறார்கள். அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சாவியை ஒளித்துவைக்கலாமா என்றுகூட யோசித்தேன். அப்பாவுக்கு அந்த வண்டியை ஓட்டச் சாவியே வேண்டாம், ஒயரைத் தொட்டே கிளப்பிவிடுவார் என்பது உங்களுக்குத் தெரியும்.

அண்ணா, கோபித்து மட்டும் எழுதிவிடாதீர்கள். நீங்கள் கண்டித்தால் வீம்புக்கே ஓட்டுவார், நான்தான் சொன்னேன் என்றும் தெரிந்துபோகும். இப்படி எழுதுங்கள். கழற்றிய பழைய பின் இரண்டையும் எங்கள் கடை முதலாளி பார்க்கக் கேட்கிறார், எந்தப் பக்கம் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று தெரியவேண்டுமாம், உடனே பார்சலில் அனுப்புங்கள் என்று எழுதுங்கள். காஜா மைதீன் கழற்றுகிற பழைய சாமானை எப்போதும் சாக்கில் கட்டி வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுவார், அதனால் அப்பாவுக்குச் சந்தேகம் வராது. சாக்கில் வலது பக்கத்துப் பின் ஒன்றுதான் இருக்கிறது, ஒரு பக்கம் கரும்பைக் கடித்த மாதிரி தேய்ந்துபோய். இன்னொன்றை அனுப்ப வேண்டுமென்றால் அதை வண்டியிலிருந்து எடுத்துத்தான் ஆகவேண்டும். உங்களிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

தந்தி வேண்டாம், தந்திக்காரரைப் பார்த்தாலே அம்மா அழ ஆரம்பித்துவிடுவாள். எக்ஸ்பிரஸ் தபாலில் போடுங்கள். காலையில் சோற்றுப் பருக்கை வைத்துக் கவரை ஒட்டிப் பள்ளிக்கூடம் போகும் வழியில் பெட்டியில் போட்டுவிடுவேன். அம்மா கடைசியில் எழுதச் சொன்ன ஆசீர்வாதம் விட்டுப்போயிற்று, நீ நூறு வயசு நல்லபடியாக இருக்கவேண்டும் என்று சொன்னாள்.

உங்கள் பதில் மகத்துக்குள் வராவிட்டால் நானும் அம்மா பக்கத்தில் ஏறிக்கொள்வேன். வீட்டில் தனியாகக் காத்திருக்க என்னால் முடியாது.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
சு. தையல்நாயகி