எண்ணெய் கொட்டியதாகச் சொன்னேன்

ஜூன் 10, செவ்வாய்

காற்று மண்ணை வாரிக் கொட்டுகிறது. காலையில் பெருக்கிய வாசல் பத்து மணிக்கே மறுபடி புழுதி. பள்ளிக்கூடத்துக்கு முட்டை வந்தது. தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், நாலு மிதந்தது. திருப்பிக் கொடுத்தேன். கொண்டுவந்தவன், "இன்னாக்கா, யாரையும் நம்ப மாட்டியா" என்றான். மாட்டேன். சத்துணவு அமைப்பாளர் வேலையில் கண்ணை மூடி நம்பினால் பிள்ளைகளுக்குத்தான் வயிற்றுப்போக்கு.

இவருடைய இடது கை இன்னும் மோசம். விரல்கள் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கின்றன. முஷ்டி மூட வராது. கியர் போடுகிற கை. பாப்பா பிறந்ததிலிருந்து திண்டிவனம்–விழுப்புரம் பஸ் ஓட்டுகிற மனுஷர், இப்போது சட்டைப் பொத்தான் போட என்னைக் கூப்பிடுகிறார். முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். ஆடி முடிகிறவரை சீட்டை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டாராம். அப்புறம் அவர் பொறுப்பில்லை.

பங்குனித் தீமிதியில் பட்டது. வேண்டுதல் என்னுடையது. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது வேண்டிக்கொண்டேன், இவர் காப்புக் கட்டினார், கூடவே என் தம்பி சங்கரும். குண்டத்தில் இறங்கினவர்களில் இவருக்கு மட்டும் சுட்டுவிட்டது. எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். விரதத்தில் குறை. அந்த வெட்கத்தில் பத்து நாள் ஆஸ்பத்திரி பக்கமே போகாமல் கோயில் மஞ்சளும் வெண்ணெயும் பூசினோம். வெளியாட்கள் கேட்டால் எண்ணெய் கொட்டிவிட்டது என்பது வழக்கமாகிவிட்டது.

இங்கே மட்டும் எழுதுகிறேன். காப்புக் கட்டின பிறகு ஒரு சாயங்காலம் இவர் துண்டில் பிராந்தி வாடை. கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார். இன்றுவரை அந்த ஒண்ணுமில்லைதான்.

ஜூன் 11, புதன்

பௌர்ணமி. திருவக்கரை கோயில் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தைப் பிளந்துகொண்டு கிளினிக்குக்குப் போனோம். சங்கர் சொன்ன இடம். பேக்கரிக்கு மேல் மாடி. "பிளாஸ்டிக், காஸ்மெட்டிக், லேசர்" என்று போர்டு. ஏசி. சுவர் முழுக்க சிகிச்சைக்கு முன்னால், பின்னால் படங்கள். ஒரு பெண்ணுக்கு முன்னால் படத்தில் காது ஒட்டியிருக்கிறது, பின்னால் படத்தில் தொங்குகிறது. மூக்குக்கு சிகிச்சையாம், காது எப்படி மாறியது என்று கேட்க வாயெடுத்தேன். இவர் முழங்கையால் இடித்தார்.

டாக்டர் சின்னப் பையன். நல்ல செண்ட்.

"எப்படி ஆச்சு?"

"பூரி சுட்ட எண்ணெய் கொட்டிடுச்சுங்க."

"ஓகே. லேசர் ஆறு சிட்டிங். நூறு சதவீதம் பழைய கை வந்துரும், கேரண்டி."

கையைத் தொடவே இல்லை. போனில் படம் எடுத்தார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். ஃபெல்லோஷிப் என்றார். எதில், எந்த ஊரில் என்றேன். ரிசப்ஷனில் சொல்வார்கள் என்றார். ரிசப்ஷன் பெண் பேக்கேஜ் பற்றிச் சொன்னாள்.

இறங்கும்போது இவர்: "ஏன் தேவகி, போலீசு மாதிரி கேக்கற? பேஜாரா கீது."

கேட்காமல் என்ன செய்ய. இவர் கைதானே.

ஜூன் 12, வியாழன்

கேப்பைக் களி. கருவாட்டுக் குழம்பு. பாப்பாவிடம் போனைக் கொடுத்து, டாக்டர் கவுன்சில் இணையப் பக்கத்தில் அந்தக் கிளினிக் டாக்டர் பெயரைத் தேடச் சொன்னேன். கிடைக்கவில்லை. பல் டாக்டர்கள் பக்கத்தில் கிடைத்தது. பல் டாக்டர். பல் பிடுங்கப் படித்தவர் கைக்கு கேரண்டி தருகிறார்.

மருந்துக் கடை பாயிடம் கேட்டேன். நல்ல மனிதர், கடன் மட்டும் சொல்ல முடியாது. "எம்.பி.பி.எஸ். இருக்கணும்மா, அதுக்கு மேல எம்.எஸ்., அதுக்கும் மேல எம்.சி.எச். இல்லன்னா டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரின்னு அந்தப் படிப்புலயே பேர் இருக்கணும். காஸ்மெட்டிக்னு போட்டுக்கறது போர்டு. அது படிப்பு இல்ல."

கேட்க வேண்டியவை:
— கடைசிப் படிப்பு என்ன, பதிவு எண் என்ன
— கத்தி பிடிக்கப்போவது யார். அவரா, வேறு ஆளா
— இதே மாதிரி கை எத்தனை பார்த்திருக்கிறார்
— சரியாகாவிட்டால் என்ன செய்வார்
— பால் பாக்கெட் கார்டு

கடைசி வரி வேறு விஷயம். அழிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சங்கர் வந்தான். ஆவணியில் கல்யாணம், முகத்துக்கு என்னவோ கிரீம் போட்டுப் பளபளவென்று இருக்கிறான். பல் டாக்டர் கதையைச் சொன்னேன். முகம் சுண்டிப் போனது. உடனே விழுப்புரத்தில் ஒரு பெரிய நர்சிங் ஹோம் பெயரைச் சொன்னான். அவனே கூட்டிப் போகிறானாம், செலவும் அவனே.

"நீ ஏன்டா செலவு பண்ணணும்?"

"மாமாவுக்குப் பண்ணாம யாருக்குக்கா பண்றது."

மொபைல் கடையில் அப்படி என்ன கொட்டுகிறது இவனுக்கு. அந்த ஆஸ்பத்திரிகளில் ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கூடப் பிறந்தவனை இப்படி நினைக்கக் கூடாதுதான். நினைத்தேன்.

முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் பார்க்கலாமே என்றேன். பதறிவிட்டான். "வேணாங்க்கா. அங்க ஆயிரம் கேள்வி கேப்பாங்க. எப்படிப் பட்டுச்சு, யாரு இருந்தாங்கன்னு எல்லாத்தையும் எழுதிக்குவாங்க." கேட்கட்டுமே, இவனுக்கென்ன. அப்புறம் சாப்பிடும்போது மெதுவாக, "மாமா விரதத்துல ஏதோ கொஞ்சம் முன்ன பின்ன இருந்திருப்பாரு, வுடுக்கா" என்றான். இவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ரசம் கேட்டார், ஊற்றினேன்.

எனக்கும் அதே எண்ணம்தான். இருந்தாலும் அடுத்தவன் வாயால் கேட்கப் பொறுக்கவில்லை.

ஜூன் 21, சனி

விழுப்புரம். வெயில் மண்டையைப் பிளந்தது. இவர் ஓட்டின பஸ்ஸிலேயே போனோம், புது டிரைவர். இவர் முன் சீட்டில் உட்கார்ந்து, கியர் மாறும்போதெல்லாம் இடது கையை லேசாக அசைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நர்சிங் ஹோம் டாக்டர் வயதானவர், படித்தவர்தான், எம்.எஸ். போர்டில் இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"எண்ணெய் கொட்டிடுச்சுங்க."

"ம்ம். கிராஃப்ட் வெச்சிடலாம். சென்னைலேர்ந்து பிளாஸ்டிக் சர்ஜன் ஞாயித்துக்கெழம வருவாரு."

"அவரு பேருங்க?"

"வருவாரும்மா."

"பேரு சொன்னா தெரிஞ்சிக்கலாமேன்னு."

"ஒங்களுக்கு நம்பிக்கை இல்லன்னா வேற எடம் பாத்துக்கங்க."

வெளியே நர்ஸ் ஒருத்தி இன்னொருத்தியிடம்: "அவரு போன மாசமே வர்றத நிறுத்திட்டாரு, சார்தான் பண்ணிக்கினு இருக்காரு." இதற்கு மேல் என்ன வேண்டும். சங்கர் காதிலும் விழுந்தது. கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தான்.

திரும்பி வரும்போது ஒன்று தோன்றியது. இரண்டு பேரிடமும் எண்ணெய் என்றேன். இரண்டு பேரும் அப்படியே விழுங்கினார்கள். நெருப்பில் பட்ட புண்ணுக்கும் எண்ணெய் பட்ட புண்ணுக்கும் வித்தியாசம் சமையல் ஆயா அஞ்சலைக்கே தெரியும். கைக்கென்று படித்த டாக்டருக்குத் தெரியாதா? இனி எங்கே போனாலும் எண்ணெய் என்றுதான் சொல்லப்போகிறேன். வெட்கத்துக்கு இல்லை. என் பொய்யை யார் பிடிக்கிறாரோ அவர்தான் டாக்டர்.

இவரிடம் சொன்னேன். சிரித்தார். பங்குனிக்குப் பிறகு இன்றுதான் சிரித்துப் பார்க்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

மல்லாட்டைக் கடலை வேகவைத்தேன், பாப்பாவுக்கு டியூஷனுக்கு. கேஸ் புக் செய்ய வேண்டும்.

இவர் ஆபரேஷனே வேண்டாம் என்கிறார். கொய்யாப்பழ வண்டி போடலாமாம். ஒரு கையால் எடை போடுவாராம். சண்டை. "குறை வெச்சது நீங்க, கஷ்டப்படறது நானும் பாப்பாவுமா?" என்று கேட்டுவிட்டேன். மூன்று மாதமாக வாய்க்குள் வைத்திருந்தது. எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணி காட்டினார். எங்களுக்கு மாடு இல்லை, பக்கத்து வீட்டு மாடு.

ஜூலை 2, புதன்

முண்டியம்பாக்கம். லீவு போட்டேன். சங்கரையும் வரச் சொன்னேன், பைல் தூக்க ஒரு ஆள் வேண்டும். கடையில் வேலை, பெண் வீட்டார் வருகிறார்கள் என்று என்னென்னவோ சொன்னான். கடைசியில் வந்தான்.

சீட்டு, வரிசை, பெஞ்ச். முறை வந்தது. பெண் டாக்டர். கண்ணாடி, களைத்த முகம். வாசல் பலகையில் பெயருக்குப் பின்னால் பாய் சொன்ன மூன்று படிப்பும் இருந்தது. அதுவும் போர்டுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

"எப்படி ஆச்சு?"

"எண்ணெய் கொட்டிடுச்சுங்க மேடம்."

டாக்டர் இவர் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாக மடக்கினார். எங்கே வலிக்கிறது, எங்கே மரத்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே. திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். மறுபடி புறங்கை. எவ்வளவு நேரம் பார்த்தார் தெரியாது.

"எண்ணெய் இல்லம்மா. எண்ணெய்னா வழிஞ்சு விரல் இடுக்குல எறங்கியிருக்கும், சுத்தித் தெறிச்ச புள்ளி இருக்கும். இது கணு மேலதான் ரொம்ப ஆழமா போயிருக்கு. சூடானது எதுமேலயோ கை அழுந்தியிருக்கு. உண்மையச் சொல்லுங்க."

மானம் போனது. உள்ளுக்குள் அப்படி ஒரு நிம்மதியும். முட்டை அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

"தீமிதிங்க மேடம். குண்டத்துல விழுந்துட்டாருங்க."

"விழுந்தா உள்ளங்கையத்தான ஊனுவாங்க?"

எனக்குப் புரியவில்லை. டாக்டர் இவர் உள்ளங்கையை என் பக்கம் காட்டினார். சுத்தமான உள்ளங்கை. ஒரு வடு இல்லை. மூன்று மாதமாக நான்தான் மருந்து போடுகிறேன். தினமும் பார்க்கிற கை.

"கைய மல்லாக்க வெச்சிருக்காரு. உள்ளங்கை மேல எதையோ தாங்கியிருக்காரு. சுட்டதும் எடுத்திருந்தா இவ்வளவு ஆழம் வராது. எடுக்கல." இவரைப் பார்த்து, "என்னங்க தாங்குனீங்க?" என்றார்.

இவர் தரையைப் பார்த்தார். "பொகைங்க மேடம். ஒண்ணும் தெரியல."

பின்னால் நின்ற சங்கர் சொன்னான்: "என் மூஞ்சிங்க மேடம்."

"டேய், சும்மா இரு" என்றார் இவர்.

"நான்தான்க்கா குடிச்சிருந்தேன். கால் தடுக்கி மாமாவுக்கு முன்னாடி குப்புற வுழுந்தேன். மாமா கைய உள்ள குடுத்து ஏந்திக்கினாரு. எல்லாரும் மாமா வுழுந்துட்டாருன்னு கத்தனாங்க. நான் பேசாம போய்ட்டேன்."

அன்றைக்குக் குண்டத்துக்கு அந்தப் பக்கம் பெண்களோடு நின்றிருந்தேன். பம்பைச் சத்தம், புகை. இவர் கடைசியாக வெளியே வந்ததை மட்டும்தான் பார்த்தேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். அப்புறம் ஆபரேஷன் பற்றி. தழும்பை அறுத்து விரலை விடுவித்து, தொடைத் தோல் எடுத்து வைப்பது. அவரே செய்வார். பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. "பழைய கை முழுசா வராதும்மா. கியர் புடிக்க வரும்னு நெனைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்." என் பட்டியலில் இருந்த கேள்விகள் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சரிங்க என்றேன்.

பஸ்ஸில் சங்கர் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தான்.

ஜூலை 3, வியாழன்

பள்ளிக்கூடத்தில் சாம்பாருக்கு உப்பு போட மறந்தேன். அஞ்சலை போட்டாள்.

சாயங்காலம் கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று.

"சொல்லியிருந்தா நீ தெருவுல நின்னு கத்தியிருப்ப. அவன் கல்யாணம் நின்னுருக்கும்."

உண்மைதான். கத்தியிருப்பேன்.

"நான் உங்கள சந்தேகப்பட்டேன்."

"தெரியும். அந்தத் துண்டு அன்னிக்கு அவன் தோள்ல இருந்துச்சு."

"கோவம் வரலியா?"

"வந்துச்சு. நீ அவனப் பத்தித் தெரிஞ்சிக்கினா தாங்க மாட்டன்னு நெனச்சேன். என்னப் பத்தின்னா தாங்கிக்கினு இருந்தியே."

அழுதேன். அவரும் எழுந்து போகவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

லேசான தூறல். அட்மிஷன், இன்றைக்கே ஆபரேஷன். எடுத்து வைத்தது: போர்வை, பிளாஸ்க், ஆதார், இரண்டு லுங்கி. பாப்பா பக்கத்து வீட்டில்.

வார்டு வாசலில் சங்கர் உட்கார்ந்திருக்கிறான். விடியற்காலையே வந்துவிட்டானாம். பெண் வீட்டாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். முகத்தைப் பார்த்தேன். நெற்றி, மூக்கு, கன்னம், ஒரு கீறல் இல்லை. சின்ன வயதில் நான் பவுடர் போட்டுவிட்ட முகம். அறைய வேண்டும் போல் இருந்தது.

நர்ஸ் ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தாள். தள்ளுகிறவர் வேறு வார்டில். ஜல்தி என்றாள். சங்கர் எழுந்து ஒரு பக்கம் பிடித்தான். இவர் படுத்தபடியே அவனைப் பார்த்து, "சாப்டியாடா" என்றார்.

தியேட்டர் கதவு மூடிக்கொண்டது. "அக்கா" என்கிறான். இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான். இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை.