சாம்பல் அட்டை கிளாசிக்தானா?

மார்ச் 4

ஆசிரியர் இன்று என் மேஜைக்கே வந்துவிட்டார். சமீபத்தில் வந்த ராக் ஆல்பங்களில் எவற்றைக் கிளாசிக் என்று சொல்லலாம், இசைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். தொட்டிலில் கிடக்கிற குழந்தையைப் பார்த்து இவன் டாக்டர் என்று சொல்லச் சொல்கிறீர்களே என்றேன். சிரித்தார். வழக்கம்போல உன் வீட்டுக்காரரிடமும் கேட்டுவிட்டு எழுது என்றார்.

அவன் போய்விட்டதை அலுவலகத்தில் இன்னும் சொல்லவில்லை. தலையை ஆட்டிவைத்தேன்.

மார்ச் 5

என் அளவுகோல் ஒன்றுதான். பாத்திரம் கழுவும்போது போட்டால், தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி கையை நிறுத்தவைக்க வேண்டும். நான்கு பெண்கள் கார் ஷெட்டில் பதிவுசெய்த ஆல்பம் தேறிவிட்டது. ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடிய அந்தப் பளபளப்பு ஆல்பம் — ஊஹூம், மூன்றாம் பாட்டிலேயே சரக்கு தீர்ந்துவிடுகிறது.

பாத்திரமும் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

மார்ச் 6

சாம்பல் அட்டையை என்ன செய்வது?

அட்டையைப் பார்த்து ஆல்பத்துக்குப் பட்டப்பெயர் வைப்பது எங்கள் பழக்கம். அவனுக்கு சாம்பல் அட்டைதான் இந்தக் காலத்தின் ஒரே கிளாசிக். எனக்கு அது பாதி கட்டிய வீடு. பாடகன் ஒரு வரி பாடுவான், நிறுத்துவான், அப்புறம் ஒன்றுமே இருக்காது. வேலைக்குப் போகும் பேருந்தில் ஒரே இயர்போனைப் பகிர்ந்துகொண்டு அதைக் கேட்போம். இடது அவனுக்கு, வலது எனக்கு. அந்தக் கிடாரைக் கேளு, அந்தக் கிடாரைக் கேளு என்று உயிரை வாங்குவான். கேட்டால், அவன் பாடும்போது பின்னால் ஒரு கிடார் சும்மா சொறிந்துகொண்டிருக்கும். வெறும் ஓட்டைடா இது என்பேன். வீட்டில் அதைப் போட நான் விட்டதே இல்லை.

முதலில் சிரித்துக்கொண்டே சண்டை போட்டோம். பிறகு சிரிப்பு மட்டும் நின்றுபோனது.

பெட்டியோடு வாசலில் நின்று அவன் சொன்னது: "எனக்குப் புடிச்சது எல்லாமே உனக்கு வெறும் ஓட்டைதான். இந்த வீட்டுல நான் எங்க இருக்கேன், சொல்லு?"

 பெட்டி இடிக்காம கதவப் புடிச்சுக்கிட்டேன்.

மார்ச் 7

கட்டுரை கொடுக்க வேண்டிய நாள். நியாயமாக ஒருமுறை கேட்டுவிட்டுத் தள்ளிவிடலாம் என்று பேருந்தில் சாம்பல் அட்டையைப் போட்டேன். எப்போதும்போல வலது காதில் மட்டும். தொங்கிய இடது பக்கம் பையின் கொக்கியில் சிக்கி இழுத்தது. எரிச்சலில் அதையும் செருகிக்கொண்டேன்.

குரல் வந்தது. நின்றது.

இடது காதில் இன்னொரு கிடார் பதில் சொன்னது.

எல்லாப் பாட்டிலும். நான் ஓட்டை என்று சொன்ன ஒவ்வொரு இடத்திலும் அது இருக்கிறது — இடது பக்கம் மட்டும். இசைப் பக்கம் எழுதுகிறவளாம்! பாதி ஆல்பத்தைக் கேட்டுட்டு இத்தன வருஷமா அவன்கிட்ட தீர்ப்பு சொல்லிருக்கேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ காத மாத்திக்கலாம்னு ரெண்டு பேருக்கும் தோணலயே. பஸ்ஸுலயே அழுதுட்டேன்.

சாயங்காலம் அவனுக்கு அனுப்பினேன்: "சாம்பல் அட்டை கிளாசிக்தான். இடது பக்கத்த இன்னிக்குத்தான் கேட்டேன். வீட்டுக்கு வா, சேர்ந்து கேக்கலாம்."

மார்ச் 8

பார்த்திருக்கிறான். பதில் இல்லை.

மார்ச் 9

இல்லை.

மார்ச் 12

வந்தது. "அப்ப நானும் வலது பக்கம் கேட்டதில்ல. இனிமே கேக்கவும் வேண்டாம்னு இருக்கு. கோவம் இல்ல. நல்லா இரு."

கோபமாவது மிச்சம் இருந்திருக்கலாம்.

மார்ச் 20

இதழ் வந்துவிட்டது. சாம்பல் அட்டைக்குத்தான் முதல் இடம். ஆசிரியர் பக்கத்தைப் புரட்டியபடி, இது உன் வீட்டுக்காரர் தேர்வுதானே என்று கேட்டார்.

"ஆமா சார், அவரோடதுதான். நாங்க இப்ப சேர்ந்து இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.  வீடு திரும்பும்போது பேருந்தில் பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டு, இரண்டு காதிலும் செருகிக்கொண்டு முதல் பாட்டிலிருந்து கேட்டேன்.