துரையின் கையெழுத்தில் போன அறிக்கை

யேசு மரி சூசை துணை

பள்ளிமுனை, மன்னார்
14 ஆகஸ்து 1929

அன்பு மகன் எட்வேட்டுக்கு ஐயா யாகப்பர் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கே நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. மழை இல்லாமல் கிணறு உவர்த்துவிட்டது. குடிதண்ணீரை அயல்வீட்டுத் தோமஸ் வண்டியில் கொண்டுவந்து தருகிறார். மலாயாவில் ஈப்போ ரயில்வேக் கந்தோரில் உன் வேலை நிரந்தரமானதைக் கேட்டு அம்மா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள்.

உன் கடிதத்தின் கடைசி வரிக்கு மூன்று மாதமாக நான் பதில் எழுதவில்லை. சிவில் சேவிஸ் எழுத்துப் பரீட்சையில் நாலாவதாக வந்த உன்னை நேர்முகத்துக்குப் பிறகு ஏன் தள்ளினார்கள், உன்னில் என்ன குறை என்று கேட்டிருந்தாய். உன்னில் குறை இல்லை. நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

எழுத்தில் தேறியவர்களைப் பற்றி அவரவர் மாவட்டத்தை ஆளும் ஏசண்டுத் துரையிடம் இரகசிய அறிக்கை கேட்பார்கள். குடும்பம் எப்படி, குதிரை ஏறுவாரா, சனத்தைக் கட்டி ஆள்வாரா என்றெல்லாம் கேள்வி வரும். துரைக்குக் காலையில் வழக்கு, பின்னேரம் காணிச் சண்டை, இடையில் குளம், றோட்டு, முத்துக்குளிப்பு. ஆகையால் அவர் கந்தோரின் பெரிய கிளாக்கர் எழுதி வைப்பதில் அவர் கையெழுத்து வைப்பார். அப்போது பெரிய கிளாக்கர் நான். மகனைப் பற்றி நான் எழுதுவது முறையல்ல என்று மெல்லச் சொன்னேன். முசலிப் பக்கத்து ஊர்களைப் பார்க்கப் புறப்பட்டு நின்ற துரை, தகப்பனைவிட யாருக்குத் தெரியும், எழுதும் என்று சிரித்துவிட்டுப் போனார்.

முதல் வரைவில் உயிலங்குளத்துக் குளக்கட்டு உடைந்த நாளை எழுதினேன். ஊருக்குத் தலைவரான விதானையாரே ஓடி ஒளிக்க, லீவில் வந்திருந்த நீ அறுபது பேரை நிறுத்தி மண்மூட்டை அடுக்குவித்தாய். “உங்கட பெடியன் எங்களைக் கழுதை மாதிரி வேலை வாங்கிப்போட்டான், ஆனால் வயல் தப்பிச்சுது” என்று அங்கே வயல் வைத்திருக்கும் கலந்தர் காக்கா சந்தையில் எனக்குச் சொன்னதையும் சேர்த்தேன். வாசித்தபோது, தகப்பன் புளுகுகிறான் என்று கந்தோரில் சிரிப்பார்களே என்று கூசியது. அந்த வரிகளையெல்லாம் பேனாவால் அடித்துவிட்டேன். நடுநிலைக்காக ஒரு குறையும் தேடினேன்: “மென்மையான சுபாவம், கட்டளையிடத் தயங்கக்கூடும்.” அது நீ அல்ல, மகன். நான். துரை வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

ஆட்சிக்குரிய உறுதி போதாது என்று கொழும்பிலிருந்து வந்த பதிலை நானேதான் கோப்பில் கட்டினேன். உனக்கு வயதெல்லை தாண்ட இன்னும் ஏழு மாதம் இருந்தது. உண்மையைச் சொல்லித் திருத்தம் கேட்க நாலு மனு எழுதினேன், நாலையும் கிழித்தேன். பென்சனுக்கு ஒரு வருடமே இருந்தது, பயந்துவிட்டேன். தலைமன்னாரில் நீ கப்பல் ஏறும்போது, “கவலைப்படாதேங்கோ ஐயா, எனக்குத்தான் திறமை காணாது” என்றாய். நான் உன் பெட்டியைத் தூக்கித் தந்துவிட்டுக் கரைக்குத் திரும்பினேன்.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. “வெள்ளைக்காரன் என்ர பிள்ளையை ஏமாத்திப்போட்டான்” என்று பக்கத்து வீட்டுத் திரேசம்மாவிடம் அவள் அழும்போதெல்லாம் பக்கத்துக் கதிரையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு எழுது என்று கேட்க முகமில்லை. அம்மாவுக்கு மாதம் ஒரு கடிதம் போடு. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். என்னைப் பற்றி நீ என்ன எழுதினாலும், ஒரு சொல் விடாமல் அவளுக்கு வாசிப்பேன்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன் ஐயா,
யாகப்பர்